யூதத் தொழுகைக்கூடம்: வழிபாட்டு இடமா, பள்ளிக்கூடமா, சங்கமா?

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தார் மகனின் பார் மிட்ஸ்வா விழாவுக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடத்தில் கைக்குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி, பதின்வயதினருக்கு ஒன்று, முதியவர்களுக்கு ஒன்று என்று வாரம் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஆண்டுச் சந்தாவும் கட்டுகிறார்கள். அது வழிபாட்டு இடமா, பள்ளிக்கூடமா, சங்கமா? அங்கே போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?"

மூன்றும்தான் என்பது சுருக்கமான விடை. மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வயதுவாரியாக நடக்கும் இந்த நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரு கவலை பின்னிருந்து இயக்குகிறது என்பது என் கருத்து. பார் மிட்ஸ்வா என்பது பையன் சமய வயதை எட்டும் 13ஆம் வயது விழா; அதுவரை பிள்ளையுடன் வரும் குடும்பம் அதற்குப் பிறகும் வருமா என்பதுதான் அந்தக் கவலை. இந்தப் பதிலில் பெரும்பாலும் அமெரிக்காவில் மரபைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சீர்திருத்தச் சபைகளையும், நடுவழியில் நிற்கும் கன்சர்வேட்டிவ் சபைகளையும் பற்றியே பேசுகிறேன். அழைப்பு வந்திருப்பது அவற்றில் ஒன்றிலிருந்தாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்க யூதர்களில் 37 விழுக்காட்டினர் தங்களைச் சீர்திருத்தப் பிரிவினர் என்றும், 17 விழுக்காட்டினர் கன்சர்வேட்டிவ் என்றும், 9 விழுக்காட்டினர் ஆர்த்தடாக்ஸ் என்றும் சொல்கிறார்கள். பழைய சட்டத்தை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் வழக்கம் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு யூதர் தனியாக நின்று சொல்லக்கூடிய மன்றாட்டுகள் பல உண்டு. ஆனால் சிலவற்றைச் சொல்வதற்குச் சமய வயதை எட்டிய 10 பேர் கூடியிருக்க வேண்டும். இந்தக் குழுவுக்கு மின்யான் என்று பெயர். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவின் சுருளைப் பேழை என்ற அலமாரியிலிருந்து எடுத்துப் பொதுவில் வாசிப்பதற்கும், இறந்தவருக்காக உறவினர் சொல்லும் கதீஷ் மன்றாட்டுக்கும் மின்யான் வேண்டும். ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஆண்களை மட்டுமே எண்ணுகின்றன. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு பெண்களையும் எண்ணலாம் என்று 1973இல் அனுமதி அளித்தது. சீர்திருத்தப் பிரிவில் ஆண், பெண் வேறுபாடே இல்லை. அழகிய கட்டடம் இல்லாமலும் வழிபாடு நடக்கும், ரபி என்ற சமய ஆசிரியர் இல்லாமலும் நடக்கும். 10 பேர் இல்லாவிட்டால் முழுமையாக நடக்காது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடத்தைச் சுற்றுலாவில் பார்த்த தமிழர்கள் ஏராளமானோர் இருப்பார்கள். தரையில் பதித்த நீல வண்ணச் சீன ஓடுகள் இன்றும் பளபளக்கின்றன. 1968இல் நடந்த அதன் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். ஆனால் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால், வெளியூர் யூதர்கள் வந்தால்தான் 10 பேர் சேரும் என்ற நிலை அங்கே பின்னாளில் ஏற்பட்டது. கட்டடம் எஞ்சினாலும் சபை எஞ்சுவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நமக்கு அருகில் இல்லை.

சந்தா பற்றிய கேள்விக்கும் இதிலிருந்தே வரலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு யூதச் சபையும் தன்னுடைய உறுப்பினர்களுக்குச் சொந்தமான தனி அமைப்பு. அவர்களுக்கு மேலே போப்பாண்டவரும் இல்லை, ஆயரும் இல்லை. 1873இல் ஐசக் மேயர் வைஸ் என்ற ரபியின் முயற்சியால் சின்சினாட்டியில் தொடங்கிய சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியம் போன்ற அமைப்புகள் பாடநூல், பயிற்சி, ரபிகளுக்கான கல்லூரி ஆகியவற்றைத் தரும், சபையை ஆளுவதில்லை. உறுப்பினர்கள் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் எழுதி ரபியை அமர்த்துகிறது. ரபி என்பவர் அடிப்படையில் ஆசிரியர், சமயச் சட்டம் கற்றவர். அவருக்குப் புரோகித அதிகாரம் எதுவும் இல்லாததால், கற்றுத் தேர்ந்த எந்த உறுப்பினரும் வழிபாட்டை நடத்தலாம். பாடி வழிநடத்துவதற்கு ஹஸ்ஸான் என்ற தேர்ந்த பாடகர் இருப்பார்; கல்வி இயக்குநர், அலுவலக மேலாளர், மழலையர் பள்ளி ஆசிரியர்கள் என்று சம்பளப் பட்டியல் நீளும். ஓய்வுநாளாகிய சபாத்தில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, பணத்தைக் கையாளக் கூடாது என்பது மரபு. அதனால் மாதாகோயில்களில் நடப்பதுபோல் வழிபாட்டின் நடுவே காணிக்கைத் தட்டு சுற்றி வருவதில்லை. அந்த இடத்தை ஆண்டுச் சந்தா நிரப்புகிறது. பெருநகரப் புறநகர்களில் ஒரு குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். முடியாதவர்கள் அலுவலகத்தில் சொன்னால் குறைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானாவுக்கும் நோன்பு நாளாகிய யோம் கிப்பூருக்கும் மட்டும் கூட்டம் பல மடங்கு பெருகுவதால் அந்த நாள்களுக்கு இருக்கைச் சீட்டு வழங்குகிறார்கள். கடவுளைத் தொழச் சீட்டா என்று வெளியார் வியப்பதுண்டு. அந்தச் சில நாள் வருமானம்தான் மற்ற நாள்களின் மின்கட்டணத்தைக் கட்டுகிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர் அறிவார்.

பள்ளியும் சங்கமும் இதற்குள் வந்த கதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. ஐரோப்பாவின் பழைய யூதக் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் ஒருவர், பிணம் கழுவும் குழு வேறு, ஏழைகளுக்கு உதவும் நிதி வேறு. தொழுகைக்கூடம் அவற்றில் ஒன்றாக மட்டுமே இருந்தது. ஊரே சமூகமாக இருந்ததால் சமூகத்தை உருவாக்குவதற்கென்று யாரும் நிகழ்ச்சி நடத்த வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் யூதக் குழந்தைகள் வார நாள்களில் பொதுப் பள்ளிக்குப் போனார்கள். எபிரேய எழுத்தை யார் சொல்லித் தருவது என்ற கேள்வி எழுந்தது. பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி, கிறித்தவர்களின் ஞாயிறு பள்ளி முறையைப் பின்பற்றி, 1838இல் முதல் எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். கற்பித்தவர்கள் அனைவரும் பெண்கள். சமயக் கல்வியில் பெண்கள் ஆசிரியர்களாக நின்றதே அன்றைக்குப் புதுமை. கட்டணம் இல்லை, பையன்களும் சிறுமிகளும் சேர்ந்தே படித்தார்கள். அமெரிக்கத் தமிழர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு அதன் தேவையையும், ஞாயிறு காலையில் பிள்ளையைக் காரில் ஏற்றும் சிரமத்தையும் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பெண்கள் சங்கங்கள் வந்தன. சீர்திருத்தச் சபைகளின் மகளிர் சங்கங்கள் 1913இல் ஒரு தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. கன்சர்வேட்டிவ் பிரிவில் மட்டில்டா ஷெக்டர் 1918இல் மகளிர் கூட்டமைப்பைத் தொடங்கினார். சபையின் சமையலறை, பரிசுப்பொருள் கடை, ஞாயிறு பள்ளிக்கான நிதி ஆகிய பலவும் இவர்கள் கையால் உருவானவை. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இடமில்லாத காலத்திலும் உண்மையில் கூடத்தை நடத்தியவர்கள் அவர்களே என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் இன்றைய வடிவத்துக்குக் கருத்தளவில் அடித்தளம் இட்டவர் மொர்தெகாய் கப்லான். வழிபாட்டுக்கு மட்டும் கூடும் மக்கள் விரைவில் அதற்கும் கூடமாட்டார்கள். யூதர் என்பவர் ஒரு நாகரிகத்தைச் சேர்ந்தவர். அந்த நாகரிகத்தின் பாட்டும் கூத்தும் உணவும் படிப்பும் விளையாட்டும் ஒரே இடத்தில் வாழ வேண்டும் என்பது அவர் வாதம். நியூயார்க் நகரின் மேற்கு 86ஆம் தெருவில் 1917-18 காலத்தில் எழுந்த யூத மையத்துக்கு அவரே முதல் ரபி. அந்த ஒரே கட்டடத்துக்குள் தொழுகை மண்டபம், வகுப்பறைகள், உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. நீச்சல் குளமுள்ள தொழுகைக்கூடம் என்று கேலி பேசியவர்கள் உண்டு. குளத்துக்கு வந்த இளைஞர்கள் மண்டபத்துக்கு வரவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மையும் இருந்தது. கருத்து வேறுபாட்டால் அங்கிருந்து விலகிய கப்லான், தாம் புதிதாகத் தொடங்கிய சபையில் 1922 மார்ச் 18 அன்று தம் மகள் ஜூடித்தைத் தோராப் பகுதி வாசிக்கச் செய்தார். அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா, அதாவது சிறுமிக்கான பார் மிட்ஸ்வா, என்று அதைக் கருதுகிறார்கள். 12 வயதுச் சிறுமி அன்று சுருளிலிருந்து வாசிக்கவில்லை. அச்சிட்ட நூலிலிருந்துதான் வாசித்தாள். அவ்வளவு தயங்கித் தயங்கி வைத்த அடி அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூதக் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குப் போயின. சபாத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதி அங்கே இடறியது. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 1950இல், தொழுகைக்கூடத்துக்குப் போவதற்கு மட்டும் சபாத்தில் கார் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. இன்றும் விவாதிக்கப்படும் தீர்ப்பு அது. ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் நடந்து போகும் தொலைவுக்குள் வீடு பார்த்து ஒரே தெருக்களில் நெருங்கி வாழ்கின்றன. மற்றவர்கள் இருபது மைல் சுற்றளவில் சிதறி வாழ்கிறார்கள். சிதறி வாழ்பவர்களுக்குத்தான் நிகழ்ச்சி நிரல் தேவைப்படுகிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் வயதுவாரியான நிகழ்ச்சிகளின் விளம்பரம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அங்கே தெருவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மிகச் சிறிய குழந்தைகளிலிருந்து தொடங்குவோம். பல சபைகள் மழலையர் பள்ளி நடத்துகின்றன. பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுச்செல்ல ஓர் இடம் வேண்டும்; அந்தத் தேவையால் வரும் குடும்பம் பின்னாளில் உறுப்பினராகும் என்பது சபையின் கணக்கு. அங்கே வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைகள் மாவு பிசைந்து ஹல்லா என்ற பின்னல் ரொட்டி செய்வார்கள். வெள்ளி மாலையிலோ சனி காலையிலோ மழலையர் சபாத் என்று அரை மணி நேர வழிபாடு நடக்கும்: கிட்டார், கைதட்டல், துணியால் செய்த பொம்மைத் தோராச் சுருள், பிறகு திராட்சைச் சாறு. அமைதியாக உட்கார வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பேத்தியைத் தூக்கி வரும் பாட்டி தாத்தாக்களும் அங்கே இருப்பார்கள். ஒரே பாட்டை மூன்று தலைமுறை பாடும் இடம் அந்தக் கட்டடத்தில் அதைவிட வேறில்லை.

ஐந்தாறு வயதில் ஞாயிறு பள்ளி. தோரா வாசிப்பின் ஓராண்டுச் சுற்று முடிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சிம்ஹாத் தோரா நாளில், புதிதாகச் சேரும் குழந்தைகளை மேடைக்கு அழைத்து ஆசி கூறுவது சீர்திருத்தச் சபைகளின் வழக்கம். எட்டு, ஒன்பது வயதில் வார நாள் மாலை ஒன்றும் சேர்ந்து எபிரேயம் தீவிரமாகும். பள்ளி முடிந்து கால்பந்துக்கும் பியானோவுக்கும் இடையில் இந்த வகுப்புக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளைகளின் சலிப்பு அமெரிக்க யூத நகைச்சுவையில் தீராத சரக்கு. பொருள் தெரியாமல் எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே பழகுகிறார்கள் என்ற குறை நியாயமானது. அதைச் சரிசெய்யத்தான் அண்மைக் காலத்தில் பல சபைகள் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் குடும்பக் கல்வி முறைக்கு மாறியிருக்கின்றன.

இந்தப் பள்ளி போய் முடியும் இடம்தான் உங்களுக்கு அழைப்பு வந்திருக்கும் விழா. யூதச் சட்டப்படி ஒரு பையன் 13 வயது நிறைந்ததும் எந்தச் சடங்கும் இல்லாமலேயே சமயக் கடமைகளுக்கு உரியவனாகிறான். சிறுமிக்கு மரபுப்படி 12 வயது, தாராளச் சபைகளில் பெரும்பாலும் 13. விழா நடத்தாவிட்டாலும் அவன் பார் மிட்ஸ்வாதான். சட்டம் கேட்காத இந்த விழாவையே சபையின் பள்ளியும் உறுப்பினர் எண்ணிக்கையும் பெருமளவு நம்பி நிற்கின்றன என்பது ஒரு முரண். விழா நாளை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சபை ஒதுக்கிவிடும். அதற்குச் சில ஆண்டுகள் பள்ளியில் படித்திருக்க வேண்டும், குடும்பம் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். தோரா 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாரந்தோறும் வரிசைப்படி வாசிக்கப்படுவதால், எந்த வாரம் கிடைத்ததோ அந்த வாரத்துப் பகுதிதான் பிள்ளைக்கு. சிலருக்குச் செங்கடல் பிளந்த கதை வாய்க்கும்; சிலருக்குத் தோல்நோய் பற்றிய லேவியர் நூல் விதிகள் வாய்க்கும். இரண்டாவது வகையில் நல்ல உரை எழுதும் பிள்ளைகளைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

வாசிப்பதும் எளிதன்று. தோலில் கையால் எழுதப்பட்ட சுருளில் உயிர்க்குறிகளும் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு சொல்லின் ஒலிப்பையும் பண்ணையும் பிள்ளை மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். சுருளை விரலால் தொடக் கூடாது. சிறு கை வடிவில் முனை வைத்த வெள்ளிக் கோலால் வரியைத் தொட்டுக்கொண்டே பாட வேண்டும். பிறகு இறைவாக்கினர் நூலிலிருந்து ஹஃப்தாரா என்ற பகுதி, அதன்பின் அந்த வாரப் பகுதியைப் பற்றிச் சொந்தமாக எழுதிய உரை. பல சபைகளில் உணவு வங்கிக்குப் பொருள் திரட்டுவது, முதியோர் இல்லத்தில் உதவுவது போன்ற சேவையையும் பிள்ளை செய்து முடித்திருக்க வேண்டும். சுருளைத் தாத்தா பாட்டி கையிலிருந்து பெற்றோர் கைக்கும், பெற்றோர் கையிலிருந்து பிள்ளை கைக்கும் மாற்றும் வழக்கம் சீர்திருத்தச் சபைகளில் பரவலாக உண்டு.

விழா முடிந்த மறு ஞாயிறுதான் சிக்கல். தொழுகைக்கூடத்தில் எலித் தொல்லை தாங்கவில்லை. பூச்சி மருந்துக்காரரும் தோற்றுப்போனார். கடைசியில் ரபி எல்லா எலிகளுக்கும் பார் மிட்ஸ்வா செய்துவைத்தார், அதன்பிறகு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை என்பது ரபிகளே சொல்லிச் சிரிக்கும் பழைய கதை. சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, அது சபைகளின் உண்மையான துயரம். கடைசிப் பிள்ளையின் விழா முடிந்ததும் குடும்பமே சந்தாவை நிறுத்திவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பதின்வயதினருக்கான ஏற்பாடுகளை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் சீர்திருத்த யூதர்கள் உருவாக்கிய உறுதிப்படுத்தல் என்ற சடங்கு, 15 அல்லது 16 வயதில், தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகையின்போது நடக்கிறது. பிள்ளையை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வகுப்பில் வைத்திருப்பது அதன் பயன். ஞாயிறு பள்ளியில் இளையவர்களுக்கு உதவி ஆசிரியர்களாகப் பதின்வயதினரையே அமர்த்துவது மற்றொரு வழி. இளைஞர் இயக்கங்கள் பழையவை: ஒமாஹாவில் 1924இல் உருவான பையன்களின் சங்கம், 1939இல் வந்த சீர்திருத்த இளைஞர் கூட்டமைப்பு, 1951இல் வந்த கன்சர்வேட்டிவ் இளைஞர் இயக்கம். இவற்றையெல்லாம்விடக் கோடைக்கால முகாம்களே நெஞ்சில் தங்கியிருப்பதாக வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1947இல் தொடங்கிய ராமா முகாம் கன்சர்வேட்டிவ் பிரிவின் ரபிகளையும் ஆசிரியர்களையும் தலைவர்களையும் உருவாக்கிய பட்டறை. ஏரிக்கரையில் பல வாரங்கள், நாள் முழுவதும் எபிரேயப் பாட்டு, வெள்ளி மாலையில் எல்லோரும் வெள்ளை உடையில் என்று அங்கே பிள்ளைகள் யூத வாழ்க்கையைப் பாடமாகப் படிப்பதில்லை, வாழ்ந்தே பழகுகிறார்கள். ஞாயிறு பள்ளியின் இரண்டு மணி நேரத்தால் அதனுடன் போட்டியிட முடியாது.

இருபது, முப்பது வயதினர் விஷயத்தில் சபைகள் பொதுவாகத் தோற்றே இருக்கின்றன. வெள்ளி இரவு விருந்து, மதுவுடன் உரையாடல் என்று முயற்சிகள் உண்டு. திருமணமாகிக் குழந்தை பிறக்கும் வரை பெரும்பாலோர் வருவதில்லை.

வளர்ந்தவர்களுக்கான கல்வியோ வளமானது. சனிக்கிழமை காலை வழிபாட்டுக்கு முன்பு காபிக் கோப்பையுடன் மேசையைச் சுற்றி அமர்ந்து அந்த வாரத் தோராப் பகுதியை விவாதிக்கும் குழு அநேகமாக எல்லாச் சீர்திருத்தச் சபைகளிலும் உண்டு. ஓய்வுபெற்ற வழக்கறிஞரும் மருத்துவரும் ஆபிரகாமுடன் சண்டை பிடிப்பதை அங்கே கேட்கலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்காவிட்டால் அன்று பாடம் சரியில்லை என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் உலகில் தொடங்கி மற்றப் பிரிவுகளுக்கும் பரவிய பழக்கம் யூதச் சமயச் சட்ட விவாதங்களின் தொகுப்பாகிய தல்மூதின் ஓர் ஏட்டைத் தினமும் படிப்பது. ரபி மெயிர் ஷபிரா 1923இல் தொடங்கிவைத்த இத்திட்டத்தில் 2,711 ஏடுகளை முடிக்க ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் ஆகும். பதினான்காம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது. சிறுவயதில் பெண் என்பதால் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் அறுபது, எழுபது வயதில் குழுவாகப் படித்துப் பாட் மிட்ஸ்வா செய்துகொள்கிறார்கள். மனித ஆயுள் 70 என்று விவிலியத்தின் சங்கீத நூல் சொல்வதால், அதற்குமேல் 13 ஆண்டுகள் கடந்து 83 வயதில் இரண்டாம் முறை பார் மிட்ஸ்வா கொண்டாடும் முதியவர்களும் உண்டு. 1972இல் சீர்திருத்தப் பிரிவில் சாலி பிரீசாண்டும் 1985இல் கன்சர்வேட்டிவ் பிரிவில் எமி ஐல்பர்கும் ரபிகளாக நியமிக்கப்பட்ட பிறகு, மேடையில் பெண் நிற்பது இந்தப் பிரிவுகளின் இளைய தலைமுறைக்குச் செய்தியே இல்லாமல் போய்விட்டது.

பெரிய சபைகளில் ஆயிரம் குடும்பங்கள் இருக்கலாம். அங்கே ஒருவரை ஒருவர் தெரியாது. இதற்கு மருந்தாக 1970களில் ரபி ஹரல்ட் ஷுல்வைஸ், கலிபோர்னியாவின் என்சினோவில் இருந்த தம் சபையைச் சிறு சிறு குடும்பக் குழுக்களாகப் பிரித்தார். ஹவூரா எனப்படும் அக்குழுக்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடும். சேர்ந்து படிக்கும், சேர்ந்து பண்டிகை கொண்டாடும், ஒருவர் நோயுற்றால் மற்றவர்கள் சமைத்துக் கொண்டுபோவார்கள். மேடையிலிருந்து ஒழுங்கு செய்யப்படும் நூறு நிகழ்ச்சிகளைவிட இப்படியொரு குழு அதிகம் சாதிக்கும் என்பது என் எண்ணம்.

கலப்பு மணம் சபையின் முகத்தை மாற்றியிருக்கிறது. அதே பியூ கணக்கெடுப்பின்படி 2010க்குப் பிறகு மணமுடித்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதர் அல்லர். தந்தை மட்டும் யூதராக இருந்தாலும், யூதராக வளர்க்கப்படும் பிள்ளையை யூதராகவே ஏற்பது என்று சீர்திருத்த ரபிகள் 1983இல் முடிவெடுத்தார்கள். கன்சர்வேட்டிவ் பிரிவும் ஆர்த்தடாக்ஸும் அதை ஏற்கவில்லை. ஞாயிறு காலையில் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து விடுபவர் யூதர் அல்லாத தாயாகவே இருப்பது இன்று இயல்பு. மதம் மாற விரும்புவோர் ஏறக்குறைய ஓராண்டு படித்து, மூவர் கொண்ட சமயக் குழுவின் முன் நின்று, மிக்வே என்ற சடங்கு நீர்நிலையில் மூழ்கி எழுவார்கள்.

சபையின் உண்மையான வலிமை தெரியும் இடம் சாவு வீடு. விளம்பரத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் ஹெவ்ரா கதீஷா என்ற தன்னார்வக் குழு உடலைக் கழுவி, செல்வர் ஏழை வேறுபாடு இல்லாமல் எளிய வெள்ளைத் துணி உடுத்தும். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். திருப்பிச் செய்ய இயலாதவருக்குச் செய்யும் உதவி என்பதால் அறங்களில் இதையே உயர்ந்ததாகச் சொல்வார்கள். கூடிய விரைவில், பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, எளிய மரப்பெட்டியில் அடக்கம் நடக்கும். அதன்பின் ஏழு நாள் துக்கம். நெருங்கிய உறவினர் தாழ்ந்த இருக்கைகளில் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்கள் சமைக்க வேண்டியதில்லை. முதல் உணவாக அவித்த முட்டையும் பருப்பும் அண்டை அயலாரே கொண்டுவருவார்கள். கதீஷ் சொல்ல 10 பேர் வேண்டுமல்லவா? மாலைதோறும் அந்தப் பத்துப் பேரைச் சபையே வீட்டுக்கு அனுப்பும். பெற்றோரை இழந்தவர் 11 மாதம் கதீஷ் சொல்ல வேண்டும். அதுவரை சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர், அந்த 11 மாதம் தவறாமல் வந்து, தமக்கு முன்பே துக்கம் முடித்தவர்கள் தமக்காக வந்து நிற்பதைப் பார்த்து, பிறகு மற்றவர்களுக்காகத் தாமும் வரத் தொடங்குகிறார். தினசரி மின்யான் நடத்தும் சபைகளில் நிலையாக வருவோரில் பலர் இப்படி வந்து சேர்ந்தவர்களே. சுவரில் இறந்தோர் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகளைப் பார்ப்பீர்கள். அவரவர் நினைவு நாளில் தகட்டின் அருகே சிறு விளக்கு எரியும்.

முதியோர் நலனும் இதையொட்டியே அமைகிறது. வண்டி ஓட்ட முடியாதவர்களை அழைத்துவருவது, மருத்துவமனைக்குப் போய்ப் பார்ப்பது, பகல் நேர விரிவுரை, சீட்டாட்டம் என்று எல்லாம் உண்டு. கொரோனா காலத்தில் தொடங்கிய நேரலை வழிபாடு இவர்களுக்காகவே பல இடங்களில் தொடர்கிறது. திரையில் தெரிபவரை மின்யானில் எண்ணலாமா என்ற விவாதமும் கூடவே தொடர்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும். சனிக்கிழமை வழிபாடு முடிந்ததும் திராட்சை மதுவின் மீது கிதூஷ் என்ற ஆசி சொல்லி, ஹல்லாவைப் பிட்டுப் பகிர்ந்து, பேகல், ஊறவைத்த ஹெர்ரிங் மீன், குகேல் என்ற நூடுல்ஸ் பதார்த்தம், கேக் என்று உட்காருவார்கள். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஆண்டு முழுவதும் பண்டிகைகள் இதே கூட்டத்தை வேறு வேறு வேடத்தில் கூட்டும்: சுக்கோத்துக்கு முற்றத்தில் ஓலைப் பந்தல், ஹனுக்காவுக்கு எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, பூரிமுக்கு ரபியே மாறுவேடம், பெசாக் இரவில் தனித்திருப்போருக்கும் இடம் தரும் பொது விருந்து.

நலிவையும் சொல்ல வேண்டும். 2020 கணக்கில் மாதம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். கட்டடத்தைப் பராமரிக்க முடியாமல் சபைகள் இணைகின்றன. நிர்ணயித்த சந்தாவை விட்டுவிட்டு, அவரவர் விரும்பிய தொகையைத் தரலாம் என்று சில மாறியிருக்கின்றன. 2018 அக்டோபர் 27 சனிக்கிழமை காலையில் பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் கட்டடத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் 11 பேர் உயிரிழந்தார்கள். செலவைப் பகிர்ந்துகொண்டு மூன்று சபைகள் அந்த ஒரே கூரையின்கீழ் கூடிவந்தன. இறந்தவர்கள் 54 முதல் 97 வயது வரை இருந்தார்கள். வழிபாடு தொடங்கும் நேரத்துக்கே வந்து உட்காரும் நிலையான உறுப்பினர்களே முதலில் பலியானார்கள். அதன்பிறகு வாசலில் காவலர் நிற்பதும் பையைத் திறந்து காட்டச் சொல்வதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. உங்களிடமும் கேட்கலாம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அழைப்பிதழில் உள்ள நேரத்துக்குப் போங்கள். வழிபாடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடக்கும், கன்சர்வேட்டிவ் சபையானால் மூன்று மணி நேரம் ஆகலாம். அடக்கமான நல்ல உடை போதும். ஆண்களுக்குத் தலையில் வைக்கும் கிப்பா வாசலில் ஒரு கூடையில் இருக்கும். யூதர் அல்லாதவரும் அணிவது மரியாதை. தலீத் என்ற குஞ்சம் வைத்த தொழுகைப் போர்வை உங்களுக்கு உரியதன்று, அதை எடுக்க வேண்டாம். பேழை திறந்திருக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், மன்றாட்டுச் சொற்களைச் சொல்ல வேண்டியதில்லை. நூல் வலமிருந்து இடமாகப் போகும். பக்க எண்ணை அவ்வப்போது அறிவிப்பார்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், பல சபைகளில் சபாத்தில் படம் எடுப்பதும் எழுதுவதும் கூடாது. ஹஃப்தாரா முடிந்ததும் நாலா பக்கமிருந்தும் பையன் மீது மிட்டாய் பறந்தால் திகைக்காதீர்கள். மென்மையான மிட்டாய்தான், உங்கள் கையிலும் யாராவது நாலைந்து கொடுப்பார்கள், எறியுங்கள். முடிந்ததும் மஸல் தோவ் என்று வாழ்த்துங்கள். வாழ்வு என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் எழுத்து மதிப்பு 18 என்பதால், பரிசுப் பணத்தை 18இன் மடங்காகத் தருவது வழக்கம். 36, 54, 72 டாலர் என்று உங்கள் நெருக்கத்துக்கு ஏற்பத் தரலாம். ஆனால் சபாத்தில் பணத்தைத் தொழுகைக்கூடத்துக்குக் கொண்டுபோகாமல், முந்தைய வாரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ உறையிலிட்டு வீட்டில் கொடுத்துவிடுங்கள்.